ஒரு வயிறு, இரண்டு ரத்தம்

லாகோஸ், யாபா
ஜனவரி 6, 2018

கெஹிந்தே,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். சரி. அம்மாவின் போனில் கூப்பிட்டால் பின்னாலிருந்து, "அவ குரலைக் கேட்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொல்லும்மா" என்று கத்துகிறாய். நீ கத்துவது எனக்கு நன்றாகவே கேட்கிறது, மடையா. கடிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் உன் சத்தியத்துக்கு ஒன்றும் ஆகாது. இபாதானுக்கு பஸ் ஓட்டுகிற பாபா லத்தீஃபிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் சலூனுக்கே கொண்டுவந்து தருவார். அவருக்கு ஒரு முடிவெட்டு, காசு வாங்காமல்.

புத்தாண்டன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாயே, அப்போது நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இப்போது கேள்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற லாயோவுக்கு ரத்தத்தில் ஏ எஸ், அதாவது பெற்றோர் ஒருவரிடமிருந்து நல்ல ஏ, மற்றவரிடமிருந்து நோய் எஸ். பழக ஆரம்பித்த முதல் மாதமே அவள் அதை உன்னிடம் சொல்லிவிட்டாள். நல்ல பெண், அதனால் சொன்னாள். நீ பதிலுக்கு, "கவலைப்படாதே, நான் ஏ ஏ" என்றாய். அந்த ஏ ஏ யாருடையது? என்னுடையது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் ரத்தம் பார்க்க ஊசி குத்திக்கொண்டவள் நான். நீ அன்று வாசலில் நின்று பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாய்.

ஒருவரிடம் மட்டும் அந்த எஸ் இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு பேரிடமும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அரிவாள் செல் நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இது உனக்கும் தெரியும். இந்த ஊரில் காதலிக்கிறவர்கள் பெயர் கேட்ட கையோடு அடுத்து இதைத்தானே கேட்கிறார்கள். எல்லாரும் கேட்கிறார்கள், எல்லாரும் வாயால் ஒரு பதில் சொல்கிறார்கள். ஊசி குத்திக்கொண்டு சொல்கிறவர்கள்தான் குறைவு.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசப்போகிறது. அதற்குள் போய் உன் சொந்த ரத்தத்தைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான் நான் கேட்பது.

தைவோ

*

இபாதான், மொகோலா
ஜனவரி 11

தைவோ,

மடையன் என்று எழுதுகிறவளுக்கு 'அன்புள்ள' கிடையாது.

முதலில் ஒன்று. நான் உனக்கு மூத்தவன். நீ எனக்கு முன்னால் பிறந்தாய் என்றால் நான் அனுப்பித்தான் பிறந்தாய். "நீ முதல்ல போ, உலகம் எப்படி இருக்குன்னு ருசி பார்த்துட்டு எனக்குச் சொல்லு" என்று அனுப்பியவன் மூத்தவன், போனவள் இளையவள். முதலில் வந்தது தைவோ, பின்னால் வந்தது கெஹிந்தே என்று ஊரிலுள்ள எல்லா இரட்டையருக்கும் இதுதான் பெயர், இதுதான் சட்டம், நீ லாகோஸ் போய்விட்டதால் மாறிவிடாது. பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலை வைத்தவள் நீ. சிவப்பு மிளகாயைக் கடித்துப் பார்த்து அழுதவள் நீ. ஊசியும் அப்படித்தான். நீ ருசி பார்த்தாய், நல்லது என்றாய், நான் நம்பினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

எங்கள் சபையில் பாஸ்டர்கூடக் கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பார்த்தாகணும் தம்பி. பார்த்தாச்சா?" என்றார். "என் கூடப் பிறந்தவ பார்த்துட்டா பாஸ்டர், ஏ ஏ" என்றேன். "ஓ, நீ இரட்டையில ஒருத்தன்ல! அப்போ சரி" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார். பாஸ்டருக்குப் புரிகிறது, உனக்குப் புரியவில்லை.

சலூனிலும் நேற்று இதே பேச்சுதான். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் சொல்கிறான், "நான் பார்க்கவே மாட்டேன் அண்ணே. பார்க்காத வரைக்கும் நான் நல்லா இருக்கேன்." இன்னொருவன், "பார்த்தேன்னு சொல்லிட்டாப் போதும்டா, எந்தப் பொண்ணு பேப்பரைக் கேக்கப் போறா?" சலூனே சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னை நினைத்து வந்த கோபத்தில் அவன் காது ஓரம் முடி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

இங்கே ஹர்மட்டான் தூசிக்காற்று இறங்கிவிட்டது. காலையில் எழுந்தால் எதிர் மேட்டில் இருக்கிற துருப்பிடித்த கூரைகள் ஒன்றுகூடத் தெரிவதில்லை, ஊரையே யாரோ தூசியில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். லாயோ பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகிற வழியில், நிறுத்தியிருக்கும் கார் கண்ணாடிகளில் படிந்த தூசியில் விரலால் பெயர் எழுதிக்கொண்டே போகிறாள். எல்லாம் பிள்ளைப் பெயர்கள். "இவன் முதல்ல, இவ அடுத்தது" என்கிறாள். கார்க்காரன் வந்து துடைத்துவிடுகிறான், மறுநாள் மறுபடி எழுதுகிறாள். இவளிடம் போய் நான் இன்னும் ஊசி குத்திக்கொள்ளவில்லை என்று சொல்லச் சொல்கிறாயா?

நேற்று மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சலூன் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். கனவில் நாம் இரண்டு பேரும் இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நீ என் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து, "நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றாய். போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன், தண்ணீர் உள்ளே போனது. விழித்தால் பாபா லத்தீஃப் உன் கடிதத்தோடு என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். இலவச முடிவெட்டு பற்றிக் கடிதத்தைப் பிரிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

உன் மூத்தவன்,
கெஹிந்தே

*

லாகோஸ்
ஜனவரி 19

கெஹிந்தே,

மூத்தவரே, வணக்கம்.

எங்கள் பரிசோதனை வண்டி இந்த வாரம் ஓஷோடி பஸ் நிலையத்தில் நிற்கிறது. என் வேலை உனக்குத் தெரியும். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து கத்துவது. பிரஷர், சர்க்கரை, ரத்தம், எல்லாம் இலவசம், வாங்க, வாங்க. பாட்டு போட்டால் இருநூறு பேர் ஆடுகிறார்கள். மால்ட் பாட்டில் கொடுத்தால் குடிக்கிறார்கள். ஊசியை எடுத்தால் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. ஒரு தையல்காரப் பையன் சொன்னான், "அக்கா, என் ரத்தம் பாட்டுக்குத் தூங்கிட்டு இருக்கு. அதை ஏன் எழுப்புறீங்க?" ஒரு பெண் நாற்காலி வரைக்கும் வந்து உட்கார்ந்து, "என் அத்தை அந்தப் பக்கம்தான் தக்காளி விக்கிறாங்க. இங்க பார்த்தா எனக்கு என்னமோ வியாதின்னு வீடு முழுக்கச் சொல்லிடுவாங்க" என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இவர்களையெல்லாம் என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. உன்னை முடிகிறது.

நாம் ஒரே வயிற்றில் கிடந்தோம், உண்மை. ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்த இரண்டு பயணிகள், அவ்வளவுதான். பஸ்ஸில் சேர்ந்து வந்ததால் இருவர் பையிலும் ஒரே சாமான் இருக்காது. நீ ஆண், நான் பெண், அதிலேயே தெரியவில்லையா?

இதற்கு மேல் எழுதியதை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

இடோவு.

நமக்குப் பின்னால் பிறந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள், நம் தம்பி. "வந்து போற பிள்ளை அது, ரொம்ப ஆசை வைக்காதீங்க" என்று தெருவே அம்மாவிடம் சொன்னது. மழைக்காலம் வந்தால் கைகள் வீங்கி, கண் மஞ்சளாகி, பாயில் சுருண்டு கிடப்பான். ஏழு வயதில் போய்விட்டான். போகிற பிள்ளை போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நாமும் அப்படியே நினைத்து வளர்ந்தோம்.

வண்டி வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் ஒரு படம் காட்டினார். ஒரு குழந்தையின் வீங்கிய விரல்கள். அது இடோவுவின் கை, கெஹிந்தே. நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அவனுக்கு அந்த நோய் இருந்தது என்றால், அம்மாவிடமும் ஓர் எஸ், அப்பாவிடமும் ஓர் எஸ். எனக்கு இரண்டு பேரிடமிருந்தும் நல்லது வந்தது. அவனுக்கு இரண்டு பேரிடமிருந்தும் அது வந்தது. உனக்கு என்ன வந்தது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. லாயோ எழுதுகிற பெயர்களில் ஒன்று இடோவு மாதிரி பாயில் கிடக்கக் கூடாது என்றுதான் புத்தாண்டன்று வாயைத் திறந்தேன்.

தைவோ

*

இபாதான்
ஜனவரி 23

அவன் பெயரை இதில் இழுக்காதே.

அவனைக் குளிப்பாட்டியவன் நான். தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். "அண்ணா, என் எலும்புக்குள்ள யாரோ நடக்கிறாங்க" என்று அவன் சொன்னது என்னிடம், உன்னிடம் இல்லை. நீ யாரோ ஒருவனுடைய விரல் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய். இனி கடிதமும் வேண்டாம்.

இதை இன்னும் கொடுத்தனுப்பவில்லை. தேதி இருபத்தைந்து ஆகிவிட்டது. பாபா லத்தீஃப் இரண்டு தடவை வந்து, "என்னப்பா, பதில் இல்லையா? ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஓடிட்டு இருக்கேன், சண்டை எந்த மட்டுல இருக்குன்னாவது சொல்லு" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவிடம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து அவரைப் பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இடோவுக்கு என்ன நோய்?"

"குளிர் ஆகாத பிள்ளை."

"குளிர்ல யாரும் சாகிறதில்லம்மா."

"ஏன் இப்போ கேக்கிற? லாயோ வீட்ல ஏதாவது கேட்டாங்களா?" என்றாள். கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கல் எல்லாம் போன பிறகும் பொறுக்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா ஒரு பேர் சொன்னாங்க. அந்தப் பேரை வீட்டுக்குள்ள கொண்டு வராதேன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. நான் ஆஸ்பத்திரி வாசல்லயே அதை விட்டுட்டு வந்துட்டேன்."

அது என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. பயறை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். இரட்டையருக்குப் பிடிக்கும் என்று ஊரே நமக்கு அவரைப் பயறு ஆக்கிப் போட்டதே, அம்மாவிடம் கேட்ட அன்று எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கெ.

*

லாகோஸ்
பிப்ரவரி 1

கெஹிந்தே,

உன் கடிதத்தை வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதைப் படித்ததும் ஒலிபெருக்கியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் உன்னை அதட்டப் போவதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஊசி குத்திக்கொண்ட அன்று எனக்கும் பயம். நோய் பயம் இல்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் தனியாக உள்ளே போனேன் பார், அதுதான் பயம். அதுவரைக்கும் எங்கேயும் நம் பெயரைத் தனித்தனியாகக் கூப்பிட்டதே இல்லை. "இரட்டைங்களா, வாங்க" என்பார்கள், இருவரும் போவோம். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய், வாயெல்லாம் எண்ணெயோடு. நீ நிமிர்ந்து பார்த்தால் அழுதிருப்பேன். நீ பார்க்கவில்லை.

நீ பயப்படுவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். உன் ரத்தத்தின் எழுத்து என் எழுத்தாக இல்லாமல் போனால் நாம் இரண்டாகிவிடுவோம் என்று. நான் நினைப்பது தப்பாக இருந்தால் திட்டி எழுது. சரியாக இருந்தால் சும்மா இரு, எனக்குப் புரியும்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். லாயோவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது வந்தால் நீ சொல். உன் வாயிலிருந்து வராமல் என் வாயிலிருந்து வந்தால் அவளுக்கு இரண்டு மடங்கு வலிக்கும்.

இங்கே இப்போதெல்லாம் காலையில் வடக்கிலிருந்து தூசியும் கடலிலிருந்து ஈரமும் கலந்து வருகிறது. காயல் மேல் போகிற மூன்றாம் பாலத்தில் பஸ் போகும்போது தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. படகுக்காரர்கள் அந்தரத்தில் நின்று வலை வீசுகிறார்கள். இன்று அதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தவறவிட்டிருப்போம்.

தைவோ

*

இபாதான்
பிப்ரவரி 9

தைவோ,

திட்டி எழுதவில்லை. புரிந்துகொள்.

நேற்றுக் காலை சலூனைத் திறக்கவில்லை. எதிர்க்கடைக்காரன், "என்ன கெஹிந்தே, மாமனார் வீட்டுக்கு விழுந்து கும்பிடப் பழகப் போறியா?" என்று கேட்டான். ஏற்கெனவே என் நண்பர்கள் ஆறு பேர் சலூனுக்குள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, பெண்வீட்டார் முன்னால் விழுவதற்கு வரிசையாகக் குப்புற விழுந்து ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவன் ஒவ்வொரு தடவையும் தாடையை இடித்துக்கொள்கிறான். ஆமாம், அதற்குத்தான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சுகாதார நிலையத்தில் வயிறு பெருத்த பெண்களும் கைக்குழந்தைகளும்தான். என் வயதில் ஆணென்று நான் ஒருவன். எந்தப் பெண்ணோடு துணைக்கு வந்தேன் என்று எல்லாரும் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையை, "கொஞ்சம் பிடிப்பா" என்று என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டே தூங்கியது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நர்ஸ் பெயர் கேட்டார். சொன்னேன்.

"கெஹிந்தேவா? அப்போ இன்னொண்ணு எங்க?"

"அவ பல வருஷம் முன்னாடியே வந்து பார்த்துட்டுப் போயிட்டா."

"அவ பார்த்ததுக்கு நீ ஏன் இத்தனை வருஷம் வரலை?"

"ஒருத்தர் பார்த்தாப் போதும்னு நினைச்சேன்."

"அவ சாப்பிட்டா உனக்கு வயிறு நிறையுமா?"

"சின்ன வயசுல நிறைஞ்சிருக்கு, சிஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. என் கையைத் திருப்பி நரம்பைத் தேடிக்கொண்டே, "என்கிட்ட வர்ற ஒவ்வொரு இரட்டையும் இதையேதான் சொல்லுது" என்றார். வலிக்கவில்லை, தைவோ. குழாயில் ஏறியதைப் பார்த்தேன். அது என்னுடையது மட்டும்தான் என்று முதல்முறையாகத் தோன்றியது. விநோதமாக இருந்தது, கெட்டதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தால் ஊர் காணோம். தூசி அவ்வளவு இறங்கியிருந்தது. பக்கத்தில் வருகிற ஆள்கூட வந்து முட்டின பிறகுதான் ஆளாகத் தெரிகிறது. சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரி மேலே இருந்தது, கண் கூசாமல் பார்க்க முடிந்தது. எங்கே போகிறேன் என்று தெரியாமலே வெகுதூரம் நடந்தேன். யாரோ இடோவு என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். வேறு ஒரு இடோவு, ஆரஞ்சு விற்கிறவன். அவனிடம் ஆரஞ்சு வாங்கி நின்ற இடத்திலேயே சாப்பிட்டேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஏ ஏ என்றும் இல்லை, ஏ எஸ் என்றும் இல்லை. அப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். சலூன் பையன்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

கெஹிந்தே

*

லாகோஸ்
பிப்ரவரி 14

கெஹிந்தே,

நேற்று போன் அடித்ததும் திரையில் உன் பெயர். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. எடுத்தேன். நீ மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். "எனக்கு எஸ் இருக்கு" என்றாய், வைத்துவிட்டாய். அதற்கு அப்புறம் பலமுறை கூப்பிட்டேன். நீ எடுக்காதது கோபத்தால் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. பேச முடியவில்லை என்றால் எழுது. நானும் எழுதுகிறேன்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. நாம் இரண்டு பேரும் கையை நீட்டினோம், எனக்கு ஒன்று வந்தது, உனக்கு ஒன்று வந்தது. நான் எந்த விதத்திலும் உன்னைவிட நல்லவளாக இருந்து அதை வாங்கவில்லை. நல்லது உனக்கு வந்திருக்கலாம். உண்மையில் எனக்கு அந்த எஸ் வந்திருந்தால் தாங்கியிருப்பேன், எனக்கு லாயோ மாதிரி ஆள் யாரும் இல்லை.

உனக்கு ஒரு நோயும் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நீ கண்ணாடியில் உன் கண் மஞ்சளா என்று பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். நீ நன்றாக இருக்கிறாய், கடைசிவரை நன்றாக இருப்பாய்.

வழிகள் இருக்கின்றன என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். பிள்ளை வேண்டாம் என்று கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தத்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தே துணிந்து பெற்றுக்கொள்கிறவர்களும் உண்டு. எதை எடுப்பது என்று உனக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதை நீ ஒருவனாக எடுக்கவும் முடியாது. அவள் பாதி.

குடும்பங்கள் கூடுகிற சனிக்கிழமைக்கு முன்னால் லாயோவிடம் சொல்லிவிடு. இரண்டு குடும்பமும் துணி தைத்து உட்கார்ந்த பிறகு சொன்னால் அவளால் முடியாது என்று சொல்ல முடியாமல் போய்விடும். முடியாது என்று சொல்ல அவளுக்கு இடம் வேண்டும்.

நான் வரவா?

தைவோ

*

இபாதான்
பிப்ரவரி 21

தைவோ,

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு போனேன். பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். லாயோ வகுப்பில் தனியாக, விட்டுப்போன சின்னச் சின்னச் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளைங்க தினம் ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போகுதுங்க, அம்மாமார் என்னைத் திட்டுறாங்க" என்றாள். உட்கார நாலு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிதான் இருந்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"எனக்கும் எஸ் இருக்கு, லாயோ."

"விளையாடாத."

"போன வாரம்தான் பார்த்தேன்."

"ஏ ஏன்னு சொன்னியே."

"அது தைவோவோடது."

கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்தாள். "என்னைக் காதலிச்சது நீயா, தைவோவா?" என்று கேட்டாள். வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

நீ எழுதிய வழிகளை எல்லாம் சொன்னேன். ஒன்று விடாமல், நீ எழுதிய வரிசையிலேயே. நடுவில் எனக்கே என் குரல் ஒலிபெருக்கி மாதிரி கேட்டது. பிள்ளை வேண்டாம், நாம் இரண்டு பேர் போதும் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

"நான் தினமும் முப்பது பிள்ளைங்களுக்கு மூக்கு துடைக்கிறேன் கெஹிந்தே. எனக்கு வேணும். வேண்டாம்னு இன்னைக்கு உனக்காகச் சொல்லிடுவேன். பத்து வருஷம் கழிச்சு உன்னை அதுக்காகவே பார்த்துட்டு இருப்பேன். வயித்துல வச்சுக்கிட்டு சோதனை பண்ணி, அப்புறம் ஒரு முடிவு எடுன்னா, அந்த முடிவை எடுக்கிற தெம்பு எனக்கு இல்ல."

பிறகு, "உன் தம்பி எப்படி இருந்தான்?" என்று கேட்டாள். இடோவுவைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை. யாரிடமுமே பேசியதில்லை. அன்று எல்லாம் சொன்னேன். அவன் என் தோளில் உட்கார்ந்து என் காதுகளை ஸ்டியரிங் மாதிரி திருப்புவான் என்பது, எலும்புக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று சொன்னது, கடைசி நாளில் வலி நின்றுவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டது. லாயோ அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பொடி நாற்காலியிலிருந்து என்னை அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நல்லவேளை, இப்போ சொன்ன. உன்னை வெறுக்காமப் போக முடியுது" என்றாள்.

அவள் வீட்டில் அவளே சொல்லிக்கொள்கிறாளாம். நம் வீட்டில் அம்மாவிடம் நான் சொன்னேன். அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்த அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். சரியாகச் சொன்னாள், இத்தனை வருடத்தில் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் லாயோவோடு நடந்தேன். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் இடிக்கும்போது இரண்டு பேரும் விலகவும் இல்லை. தூசி கொஞ்சம் விலகி எதிர் மேட்டில் கூரைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் கதவைத் தட்டிப் போகச் சொன்ன பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"அடுத்தவகிட்ட முதல் நாளே சொல்லிடு. உன்னோடதைச் சொல்லு."

தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது.

அடுத்தவள் என்று ஒருத்தியை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை, தைவோ. சனிக்கிழமை பெண்வீட்டுக்குக் கொடுக்க வாங்கிய பெருவள்ளிக்கிழங்கெல்லாம் கூடத்தில் அடுக்கிக் கிடக்கிறது, எதைப் பார்த்தாலும் அழுகை வருகிறது. நீ வா.

கெஹிந்தே